குழலும் கோலும்



இலக்கிய வட்டம் ஒன்றின் பத்தாம் ஆண்டு விழாவில் துப்பாக்கிக்கு என்ன வேலை என்னும் ஐயம் எழுவது இயல்பே. இங்குப் பேசப்படுவது துப்பாக்கியின் குழலுக்கு அடியில் ஒதுங்கிக் கிடக்கும் ஒரு கோலைப் பற்றியது. வாய்வழியே மருந்திட்டுச் சுடும் பழைய நாட்டுத் துப்பாக்கியில், மருந்தையும் ஈய ரவையையும் குழலின் அடிவரை செலுத்தி இறுக்குவது அக்கோல். அதன் பணி கருதி இடிகோல் எனலாம்.

தமிழில் கோல் என்னும் சொல் பெற்ற வாழ்வு பெரிது. மன்னன் கையில் செங்கோல், புலவன் கையில் எழுதுகோல், வணிகன் கையில் துலாக்கோல், தச்சன் கையில் முழக்கோல், முதியவர் கையில் ஊன்றுகோல். இவை அனைத்திற்கும் பொதுவான அறம் கோணாமை. நல்லாட்சியையும் தீயாட்சியையும் செங்கோன்மை, கொடுங்கோன்மை எனத் திருக்குறள் இரு அதிகாரங்களாக வகுத்ததும் கோலின் நேர்மையை வைத்தே. வடபுலத்து இந்துஸ்தானியிலோ 'கஜ்' என்னும் ஒரே சொல் அளவுகோலையும், நரம்பிசைக் கருவியின் வில்லையும், துப்பாக்கியின் இடிகோலையும் குறிக்கும். அளப்பதும் இசைப்பதும் இடிப்பதும் ஒரு பெயருக்குள் அடங்கியிருப்பது கவிஞர் எண்ணிப் பார்க்கத்தக்கது.

மரக்காணத்து உப்பளக் கரையில் நின்று இதனைக் கருதுவதற்குக் காரணம் உண்டு. சிறுபாணாற்றுப்படை கூறும் எயிற்பட்டினம் இவ்வூரே என்பர் அறிஞர் பலர். இதற்கு வடக்கே கடலோரத்தில் சிதைந்து நிற்கிறது ஆலம்பரைக் கோட்டை. முகலாயர் காலத்தில் எழுந்த அக்கோட்டை 1750-இல் பிரெஞ்சு ஆளுநர் தூப்ளேயின் கைக்கு வந்தது. 1760-இல் ஆங்கிலேயர் அதனைக் கைப்பற்றி இடித்தனர். அங்கு நின்ற வீரன் எக்கொடியின் கீழ் நின்றாலும், ஒவ்வொரு வெடிக்கும் ஒரு முறை கோலை உருவிக் குழலுள் இறக்கியே ஆக வேண்டும். கோல் ஒடிந்தால் குழல் ஊமை.

அக்காலத்தில் ஐரோப்பியப் படைகளில் கோல் மரத்திலிருந்து இரும்புக்கு மாறிக்கொண்டிருந்தது. பிரஷ்யப் படை அதில் முந்திக்கொண்டது. 1741-இல் மோல்விட்ஸ் போர்க்களத்தில் அப்படை விரைந்து சுடுவதற்கு இரும்புக் கோல் பெருந்துணையாயிற்று. ஆயினும் வேடர்க்கும் உழவர்க்கும் பண்டமாற்றாக விற்கப்பட்ட வணிகத் துப்பாக்கிகளில் மரக்கோலே நெடுநாள் நிலைத்தது. வட அமெரிக்கக் காடுகளில் மென்மயிர்த் தோலுக்கு ஈடாகக் கைமாறிய துப்பாக்கிகளும் அவ்வகையினவே.

மரக்கோல் செய்வது எளிதெனத் தோன்றும். செய்து பார்த்தவரே அதன் அருமை அறிவர். முதல் தேர்வு மரத்தின் இழை. வளைத்தால் வளைந்து, விட்டால் நிமிரும் மரம் வேண்டும். அதனை வாளால் அறுப்பதைவிடப் பிளப்பதே முறை. பிளக்கும்போது மரம் தன் இழையின் போக்கிலேயே பிரியும். அறுத்த கோலில் இழை பக்கவாட்டில் ஓடி வெளியேறிவிடக்கூடும். அத்தகைய கோல் மருந்தை இறுக்கும்போது சாய்வாக ஒடியும். ஒடிந்த கூர்முனை இடிப்பவன் உள்ளங்கையைத் துளைக்கும். இழையறியாத் தச்சன் செய்யும் பிழைக்குக் குருதி சிந்துபவன் வேறொருவன்.

பிளந்த சிம்பை முதலில் சதுரமாகவும், பின் எண்பட்டையாகவும், அதன்பின் உருளையாகவும் இழைப்பர். கோணல் இருப்பின் அனலில் காட்டி நிமிர்த்துவர். எண்ணெய் ஊட்டி ஊறவைப்பர். தலைப்பக்கம் சற்றே பருத்தும் அடிப்பக்கம் மெலிந்தும் இருப்பது மரபு. பருத்த தலை ரவையின் மேல் நன்கு அமரும். மெலிந்த அடி துப்பாக்கிக் கட்டையின் துளைக்குள் எளிதில் புகும்.

அடுத்தது பொருத்துதல். குழலின் கீழே கட்டையில் ஓர் ஓடை வெட்டப்பட்டிருக்கும். அதன் வழியே சிறு உலோக வளையங்களுக்குள் நுழைந்து, கட்டையின் துளையில் கோல் சென்று தங்கும். இறுக்கமாகப் பொருத்தினால் ஈரக்காற்றில் மரம் பருத்து, வேண்டிய வேளையில் வெளிவராது. தளர்வாகப் பொருத்தினால் நடக்கும் வழியில் நழுவி விழும். உப்புக்காற்று வீசும் கரையில் இந்த இடைவெளியைக் கணிப்பது கண்ணுக்கும் கைக்கும் வைக்கும் தேர்வு. கோடையில் செய்யும் கைவினைஞன் மழைக்காலத்தையும் நினைவில் வைத்தே இழைக்க வேண்டும்.

கோல் இடிப்பதோடு அளக்கவும் செய்யும். வெறுங்குழலுக்குள் கோலை இறக்கி, வாயருகே கோலின் மேல் ஒரு கோடு கீறி வைப்பர். பின்னொரு நாள் அக்கோடு வாய்க்கு மேலே நின்றால், உள்ளே மருந்து இருக்கிறது என்பது பொருள். மருந்துக்கும் குண்டுக்கும் இடையே வெற்றிடம் விட்டால் குழலே வெடித்துவிடக்கூடும். குண்டு அடிவரை இறங்கியதா என்பதைக் காட்டுவதும் கோலே. பதற்றத்தில் அதனைக் குழலுள்ளேயே மறந்து சுட்டவன் கோலையும் இழப்பான், அடுத்த வெடியையும் இழப்பான்.

வேட்டை முடிந்த பின்னும் கோலுக்கு ஓய்வில்லை. கருமருந்தின் கசடு காற்றின் ஈரத்தை ஈர்த்து இரும்பைத் தின்னும்; கடற்கரையிலோ காற்றே இரும்புக்குப் பகை. கோலின் முனையில் துணி சுற்றி, நீர்விட்டுக் கழுவி, துடைத்து, எண்ணெய் பூசினாலன்றிக் குழல் நிலைக்காது. உப்பளத் தொழிலாளி பாத்தியில் உப்பு வாருவதற்கு நீண்ட கோல் பூட்டிய மரப்பலகையையே ஏந்துகிறார். இரும்பை உண்ணும் கரையில் மரத்தின் அருமை அவர் அறிந்தது.

இனி, இக்கைத்திறன் யாரிடம் வாழ்ந்தது என்னும் வினா. தமிழகத்தில் நாட்டுத் துப்பாக்கியை நெடுங்காலம் பிழைப்பின் கருவியாகக் கொண்டிருந்தவர் நரிக்குறவர். அவர்தம் வாக்ரி பூலி, தனக்கென எழுத்தில்லாத இந்தோ-ஆரிய மொழி. எம்மரம் ஒடியும், எவ்வளவு இறுக்கலாம், மழையில் கோலை எப்படிக் காப்பது என்னும் அறிவு தந்தை கையிலிருந்து மகன் கைக்குச் சென்றது, ஏட்டுக்கு வரவில்லை. 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் துப்பாக்கிக்கு உரிமம் கேட்டது. 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையைத் தடுத்தது. மரக்காணத்தை அடுத்த கழுவெளிச் சதுப்பு நிலம், 5,151 ஹெக்டேருக்கு மேற்பட்ட பரப்புடன், 2021 டிசம்பரில் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. கடல் கடந்து வரும் பறவைக்குக் கழுவெளி அடைக்கலம் தருவது அறமே; அங்குத் துப்பாக்கி ஓய்வதும் அறமே. இதில் இரு கருத்துக்கு இடமில்லை.

ஆனால் பறவைக்கு அடைக்கலம் தந்த நாடு, வேட்டையை விட்ட மனிதனுக்கு என்ன தந்தது? நரிக்குறவரையும் குருவிக்காரரையும் பழங்குடியினர் பட்டியலில் சேர்க்கும் சட்ட முன்வரைவு 2022 டிசம்பரில்தான் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. குடியரசாகி எழுபது ஆண்டுகள் கடந்த பின் கிடைத்த நீதி அது. பாசிமணி கோத்து விற்கும் கைகளுக்குள் இன்னும் தங்கியிருக்கும் பழைய தொழிலறிவுக்கு எப்பட்டியலிலும் இடமில்லை.

அவ்விடம் இலக்கியத்தில் இருக்க வேண்டும். கருவி ஓயும்போது அதன் சொற்களும் ஓய்ந்துவிடுகின்றன. முதியவர் ஒருவரிடம் சென்றமர்ந்து, கோலின் பகுதிகளுக்கு அவர் வழங்கும் பெயர்களைக் கேட்டு, அவர் சொன்னபடியே எழுதிவைப்பது கவிஞர் வட்டம் ஏற்கத்தக்க பணி. உப்பளத்தாரிடமும் படகு கட்டுவோரிடமும் அவ்வாறே கேட்டெழுதலாம். வேட்டையைப் போற்றாமலேயே வேடனின் கைத்திறனைப் போற்ற இயலும்.

மரத்தின் இழை அறிந்து பிளந்த கோல் ஒடிவதில்லை. மக்களின் வாய்மொழி அறிந்து எழுதிய சொல்லும் அத்தகையதே. பதினோராம் ஆண்டில் அடியெடுத்து வைக்கும் இவ்வட்டத்தின் எழுதுகோல்கள் அவ்வழி செல்வனவாகுக.