ஒருவர் ஊசி ஒருவர்க்கே
(சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



நம்மவருள் நீரிழிவுடையார் பலர். தந்தையும் மைந்தனும் அந்நோயுற்ற இல்லங்களில், விரலிற் குருதி எடுக்கும் பேனா ஒன்றையே இருவரும் கையாளக் கண்டு யாம் வருந்தியதுண்டு. "ஒரே இரத்தந்தானே, வேற்றுமை என்னை?" என்பர். அது பெரும்பிழையாம்.

கல்லீரலைக் கெடுக்கும் ஹெபடைட்டிஸ் பி என்னும் நோய்க்கிருமி கண்ணுக்குப் புலனாகாத குருதித் துளியிலும் உறையும். உடலின் புறத்தே 7 நாளேனும் அழியாதிருக்கும். ஊசியை மாற்றினும் பேனாவிற் படிந்த குருதி தீங்கு செய்யும். இன்சுலின் பேனாவும் அத்தகையதே. அமெரிக்க முதியோர் இல்லங்களில் இங்ஙனம் நோய் பரவியது. அந்நாட்டு அறிஞர் குழு 2011-ஆம் ஆண்டில், 19 முதல் 59 வயது வரையுள்ள நீரிழிவுடையார்க்கு இந்நோய்த் தடுப்பூசியைப் பரிந்துரைத்தது. நீவிரும் மருத்துவரை வினவித் தெளிக.

உடனிருந்து உண்பதால் இந்நோய் பரவாது. ஆதலின் நோயுற்றாரைப் பந்தியினின்றும் விலக்கற்க. பேனாவை மட்டும் பகிரற்க.

நம் சங்கத்தார் நடத்தும் இரத்தப் பரிசோதனையிலும், ஒருமுறை குத்தியபின் மீளக் குத்தவியலாத ஊசியையே ஒவ்வொருவர்க்கும் புதிதாக எடுத்தல் வேண்டும். செலவு சிறிது மிகும். அதனை நம் சங்கம் பொறுப்பதாக இன்றே தீர்மானிக்குமாறு வேண்டி அமைகின்றோம்.