எதிர்ப்பக்கத்தில் ஒரு கிராம்

(தவக்கால வானொலி மறையுரை)



விடுமுறை நாள்களில் மைதானத்தில் ரிமோட் கார் ஓட்டும் இளைஞர்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். திருவிழாக் கடையில் வாங்குகிற பொம்மைக் காரை நான் சொல்லவில்லை. பந்தயத்திற்கென்றே செய்த கார்கள் உண்டு. உண்மையான காரில் எட்டில் ஒரு பங்கு, பத்தில் ஒரு பங்கு அளவுதான். ஆனால் அவற்றில் பல மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தையும் தாண்டிவிடும்.

இந்தக் கார்களை ஓட்டுகிறவர்களில் கவனமானவர்கள் பந்தயத்திற்கு முன் ஒரு வேலை செய்வார்கள். சக்கரத்தைக் காரிலிருந்து கழற்றி, நன்றாகச் சுழலக்கூடிய ஒரு மெல்லிய கம்பியில் மாட்டுவார்கள். லேசாகச் சுற்றிவிட்டுக் கையை எடுத்துவிட்டுக் காத்திருப்பார்கள். சக்கரம் மெதுவாகி, முன்னும் பின்னும் ஆடி, நிற்கும். பாரம் கூடிய பக்கம் கீழே வந்திருக்கும். உடனே அதற்கு நேர் எதிரே, மேலே இருக்கிற பக்கத்தில், ரிம்மின் உட்புறமாகக் களிமண் போன்ற ஒரு பசையைத் துளி ஒட்டுவார்கள். மறுபடி சுற்றிவிடுவார்கள். எந்த இடத்தில் நிறுத்தினாலும் சக்கரம் அந்த இடத்திலேயே நிற்கும்வரை இது நடக்கும். இதைத்தான் டயர் பேலன்சிங் என்கிறோம்.

ஒரு கிராம் கூடுதலாக இருந்தால் என்ன கெட்டுவிடும்? கணக்குப் போட்டுப் பாருங்கள். பத்து சென்டிமீட்டர் விட்டமுள்ள சக்கரம், 60 கிலோமீட்டர் வேகத்தில், ஒரு நொடிக்கு ஐம்பது தடவைக்கு மேல் சுழல்கிறது. மையத்திலிருந்து நான்கு சென்டிமீட்டர் தள்ளி ஒரு கிராம் கூடுதலாக இருந்தால், அது ஏறக்குறைய அரை கிலோ பாரம் போலச் சக்கரத்தை வெளியே இழுக்கும். பாதி வேகத்தில் அந்த இழுப்பு நூறு கிராமுக்குச் சற்று அதிகம்தான். வேகம் இருமடங்கானால் இழுப்பு நான்கு மடங்கு. கார் நடுங்கும், பேரிங் தேயும், திருகுகள் கழன்றுவிடும். மெதுவாக உருட்டும்போது ஒன்றுமே தெரியாது.

அன்பர்களே, நம் வாழ்க்கையும் இப்படித்தான். சாதாரண நாள்களில் நாம் எல்லாரும் நல்லவர்கள். சம்பளம் வராத மாதம், மருத்துவமனையில் ஒருவர் படுத்திருக்கும் வாரம், சொத்துப் பங்கு பிரிக்கிற நாள் என்று வாழ்க்கை வேகமெடுக்கும்போதுதான் உள்ளே ஒட்டிக்கொண்டிருந்த சிறு கசப்பு குடும்பத்தையே உலுக்குகிறது. அண்ணன் எப்போதோ சொன்ன ஒரு சொல். மருமகள் மறக்காத ஓர் அவமானம். ஒரு கிராம்தான். ஆனால் பேச்சுவார்த்தை அற்றுப்போய், ஒரே ஆலயத்தில் ஆளுக்கொரு வாசல் வழியாக வருகிற நிலைக்கு அது கொண்டுவந்து விடுகிறது.

இங்கே ஓர் எச்சரிக்கை. சக்கரத்தை மாட்டுகிற கம்பி துருப்பிடித்து இறுகியிருந்தால், சக்கரம் விட்ட இடத்திலேயே நின்றுவிடும். பார்ப்பவர், சமநிலை சரியாக இருக்கிறது என்றே நினைப்பார். உண்மையில் அது சமநிலை அன்று, இறுக்கம். “எனக்குப் பாவமே இல்லை, சாமி, யாரோடும் எனக்கு வம்பில்லை” என்று சொல்லுகிற மனநிம்மதியும் சில நேரங்களில் இத்தகையதே. மனச்சான்று சுழல வேண்டும். அதற்கு அமைதி வேண்டும். நாமாகத் தள்ளாமல், கையை எடுத்துவிட்டுக் கடவுள்முன் காத்திருக்க வேண்டும். அப்போது எது கீழே இழுக்கிறது என்பது தானாகத் தெரியும்.

தெரிந்தபின் என்ன செய்வது? ஒப்புரவு அருட்சாதனத்தில் கிறிஸ்து நம் பாவத்தை முழுமையாக மன்னிக்கிறார். ஆனால் பாவம் உண்டாக்கிய சீர்கேடுகள் அனைத்தும் அத்தோடு சரியாகிவிடுவதில்லை. அவற்றைச் சரிசெய்ய நாம் பரிகாரம் செய்ய வேண்டும் என்று திருஅவையின் மறைக்கல்வி நூல் (எண் 1459) கற்பிக்கிறது. திருத்தந்தை மூன்றாம் பவுல் 1548-ஆம் ஆண்டில் அங்கீகரித்த ‘ஆன்மீகப் பயிற்சிகள்’ நூலில், புனித இஞ்ஞாசியார் இதற்கு ஒரு வழி காட்டுகிறார். மனம் சாய்கிற பக்கத்திற்கு நேர் எதிராகச் செயல்படு என்பதே அது. வறட்சியால் செபநேரத்தைக் குறைக்கத் தோன்றுகிறதா? குறித்த நேரத்தைவிடச் சற்று அதிகமாகவே செபத்தில் இரு என்கிறார்.

எரிகோவில் சக்கேயு செய்ததைப் பாருங்கள். அவருடைய பாரம் பணத்தின் பக்கம் இருந்தது. ஆண்டவர் வீட்டுக்குள் வந்ததும், இனிமேல் வாங்க மாட்டேன் என்பதோடு அவர் நிற்கவில்லை. உடைமையில் பாதியை ஏழைகளுக்கு, ஏமாற்றியதை நான்கு மடங்காகத் திருப்பி என்று, எதிர்ப்பக்கத்தில் வைத்தார். ஆண்டவரின் அன்பு முதலில் வந்தது. பரிகாரம் அந்த அன்புக்குச் சக்கேயு தந்த பதில். இந்த வரிசையை நாம் மாற்றிவிடக் கூடாது.

இன்னொன்று. பசையை அளவுக்கு மீறி ஒட்டினால் சக்கரம் மறுபக்கம் சாய்ந்துவிடும். மன்னிக்கப்பட்ட பாவத்தையே திரும்பத் திரும்பக் கிளறி, தூங்காமல் தங்களை வதைக்கிறவர்களும் நம்மிடையே உண்டு. அவர்களுக்கும் இஞ்ஞாசியார் சொல்வது நடுநிலைதான். ஒரு துளி போதும். சுற்றிப் பார்த்துவிட்டு, தேவையானால் இன்னொரு துளி.

எனவே இந்தத் தவக்காலத்தில், ஒருநாள் இரவு பத்து நிமிடம் விளக்கை அணைத்துவிட்டு அமைதியாக இருங்கள். எந்தப் பெயர், எந்த முகம் மனத்தில் கீழே வந்து நிற்கிறது என்று பாருங்கள். பாவசங்கீர்த்தனத்திற்கு வாருங்கள். பிறகு அந்த முகத்திற்கு எதிர்ப்பக்கத்தில் ஒரு கிராம் வையுங்கள். ஒரு தொலைபேசி அழைப்பு, “சாப்பிட்டீங்களாண்ணே?” என்ற ஒரு கேள்வி, திருப்பிக் கொடுக்கவேண்டிய பணம், எதுவாகவும் இருக்கலாம். வாழ்க்கை வேகமெடுக்கும் நாள் வருவதற்கு முன்பே அதைச் செய்யுங்கள்.

இரக்கம் நிறைந்த இறைவன் உங்களையும் உங்கள் குடும்பங்களையும் ஆசீர்வதிப்பாராக. ஆமென்.