முகத்திற்கு உரியவர்



ஒருவர் திண்ணையில் சாத்தி வைத்த குடையை அவரைக் கேளாமல் எடுத்துச் சென்றால் அச்செயலுக்கு நாம் ஒரு பெயர் வைத்திருக்கிறோம். அவருடைய முகத்தைக் கேளாமல் படமாக எடுத்துச் சென்றால் அதற்குப் பெயர் இல்லை. குடையை இழந்தவர் மழையில் நனைவார். முகத்தைப் பறிகொடுத்தவருக்கோ முகம் இருந்த இடத்திலேயே இருக்கிறது. அவ்வாறாயின் அவர் இழந்தது யாது? தெருவில் அறிமுகமில்லாதவரைப் படமெடுக்கும் வசதி இன்று கைப்பேசி உள்ள எல்லோருக்கும் வாய்த்துவிட்டது. ஆதலால் இக்கேள்வியைச் சிறிது எண்ணிப் பார்ப்பது நன்று.

நூற்றிருபது ஆண்டுகளுக்கு முன், நியூயார்க் மாநிலத்தில் அபிகேல் ராபர்சன் என்ற இளம்பெண்ணின் படத்தை ஒரு மாவு நிறுவனத்தின் விளம்பரத்தில் அவரைக் கேளாமலே அச்சிட்டார்கள். ஏறத்தாழ 25,000 படிகள் கடைகளிலும் மதுக்கூடங்களிலும் தொங்கின. அவமானத்தால் அவர் நோயுற்றுப் படுக்கையில் விழுந்ததாக வழக்கில் கூறப்பட்டது. 1902இல் மாநிலத்தின் உயர்ந்த நீதிமன்றம், நான்கு நீதிபதிகள் ஒரு பக்கமும் மூவர் மறுபக்கமுமாகப் பிரிந்து, அப்படியொரு உரிமை சட்டத்தில் இல்லையென்று கைவிரித்துவிட்டது. மக்கள் கொதித்தெழுந்தனர். அடுத்த ஆண்டே சட்டமன்றம் ஒரு சட்டம் இயற்றியது: விளம்பரத்திற்கோ வாணிகத்திற்கோ ஒருவர் படத்தைப் பயன்படுத்துவதானால் அவருடைய சம்மதத்தை எழுத்து வடிவில் பெறவேண்டும், அவர் வயது வராதவராயின் பெற்றோரிடமோ காப்பாளரிடமோ பெறவேண்டும். நிழற்படக்காரர்கள் ‘மாடல் ரிலீஸ்’ என்று வழங்கும் சம்மதச் சீட்டின் வேர்களுள் ஒன்று அந்த மாவுக்கடைச் சுவரொட்டிதான்.

ஆனால் அச்சட்டம் விளம்பரத்தையும் வாணிகத்தையும் மட்டுமே தொட்டது. கலை என்று வரும்போது அதே மாநிலம் வேறுவிதமாகப் பேசிற்று. பிலிப் லோர்கா டிகோர்சியா என்ற கலைஞர் டைம்ஸ் சதுக்கத்தில் மின்னொளி அமைத்து, வழிப்போக்கர் அறியாமல் அவர்கள் முகங்களை எடுத்தார். அவர்களுள் சமயப்பற்று மிகுந்த யூத முதியவர் ஒருவர் வழக்குத் தொடுத்தார்; 2006இல் வழக்குத் தள்ளுபடியாயிற்று.

கனடாவின் மாண்ட்ரியல் நகரில் நடந்தது இதற்கு நேர்மாறு. பதினேழு வயதுப் பெண் ஒருத்தி ஒரு கட்டடத்தின் படிக்கட்டில் அமர்ந்திருந்தாள். அவ்வளவுதான். படத்தில் இழிவு ஏதுமில்லை, விளம்பரமும் இல்லை. 1988இல் ஒரு கலை இதழில் அப்படம் வெளிவந்தது. அந்த இதழ் விற்றதோ 722 படிகள். தோழி ஒருத்தி அதைக் கொண்டுவந்து காட்டினாள். உடன் பயில்வோர் நகைத்தனர். வழக்குப் பத்தாண்டு நடந்தது. 1998இல் கனடாவின் உச்ச நீதிமன்றம் அவளுக்கு 2,000 டாலர் இழப்பீடு வழங்கியது. பொது இடத்தில் இருந்தாள் என்பதால் அவள் முகம் பொதுவாகிவிடாது. கூட்டத்தில் ஒருவராகத் தற்செயலாகப் படத்தில் விழுவது வேறு, படத்தின் பொருளாகவே ஆக்கப்படுவது வேறு என்பது தீர்ப்பின் சாரம். இத்தீர்ப்பால் தெருப்படக் கலையே மடிந்துவிடும் என்று பலர் அஞ்சினர். அவ்வச்சத்தை நான் எள்ளி நகையாட மாட்டேன். எனினும் இவ்விரண்டு தீர்ப்புகளுள் என் நெஞ்சுக்கு நெருங்கியது மாண்ட்ரியல் தீர்ப்பே. காரணத்தைப் பின்னர்ச் சொல்லுகிறேன்.

நம் நாட்டில், தமிழ் வார இதழ் ஒன்று ஒரு கைதியின் தன்வரலாற்றை வெளியிட முற்பட்டதால் எழுந்த வழக்கில், 1994இல் உச்ச நீதிமன்றம் இதைத் தொட்டுப் பேசியது. ஒருவருடைய பெயரையோ உருவத்தையோ அவர் சம்மதமின்றிப் பயன்படுத்துவது அவருடைய அந்தரங்க உரிமையைக் குலைக்கக்கூடும் என்றது. 2017இல் ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வு அவ்வுரிமையை அடிப்படை உரிமை என்றே அறிவித்தது.

இனி அந்தச் சீட்டைப் பார்ப்போம். எடுப்பவர் பெயர், எடுக்கப்படுபவர் பெயர், முகவரி, நாள், இடம், படம் எதற்குப் பயன்படும் என்ற குறிப்பு, கையொப்பம், சாட்சி. ஒரு பக்கத்துக்குள் அடங்கிவிடும். 1872ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டப்படி பதினெட்டு வயது நிரம்பாதவர் செய்யும் ஒப்பந்தம் செல்லாது. ஆகவே சிறுவர்க்குப் பெற்றோர் கையொப்பமிட வேண்டும். விளம்பரத்திற்குப் படம் விற்கும் நிறுவனங்கள் இச்சீட்டின்றிப் படத்தை ஏற்பதில்லை. செய்திக்கு வழங்கும் படத்திற்குப் பெரும்பாலும் இதைக் கேட்பதில்லை.

கேட்கும் முறையில்தான் பலர் தடுமாறுகிறார்கள். முன்னே கேட்டால் இயல்பு கெடும் என்பார்கள், அது மெய்தான். எடுத்தபின் கேட்கலாமே! அருகில் சென்று படத்தைக் காட்டி, எங்கே வெளிவரும் என்பதை அவர் மொழியில் சொல்லலாம். வேண்டாம் என்றால் அவர் கண்முன்னே அழித்துவிடலாம். பூக்காரியிடம் வியாபாரத்தின் நடுவே தாளை நீட்டாமல், வாடிக்கையாளர் போகும்வரை பொறுத்திருக்க வேண்டும். படிக்கத் தெரியாதவருக்குச் சீட்டை முழுவதும் வாசித்துக் காட்டாமல் கைநாட்டு வாங்குவது எனக்கு உடன்பாடில்லை. சீட்டின் படி ஒன்றும் படத்தின் படி ஒன்றும் அவரிடம் சேரவேண்டும்.

காரணம் சொல்வதாகக் கூறினேன். 1992இல் நான் ஆசிரியனாக இருந்தபோது, சாலை போடும் இடத்தில் ஒரு பெண்ணைப் படமெடுத்தேன். காலில் சாக்குத்துணி சுற்றி, கொதிக்கும் தார்ச்சட்டியைத் தூக்கி வந்தார். படத்தை ஒரு வார இதழ் அரைப்பக்கத்தில் வெளியிட்டது. நான் பெருமையோடு அதைப் பள்ளியின் அறிவிப்புப் பலகையில் என் கையாலேயே குத்தி வைத்தேன். அவருடைய மகன் எட்டாம் வகுப்பில் என் மாணவன் என்பதை நான் அறியேன். தாய் நகரில் ஒரு வீட்டில் சமையல் செய்கிறார் என்றே அவனும் நம்பியிருந்தான், மற்றவரிடமும் சொல்லியிருந்தான். அடுத்த நான்கு நாள் அவன் பள்ளிக்கு வரவில்லை.

தேடிக்கொண்டு வீட்டுக்குப் போனேன். அந்த அம்மாள் கோபிக்கவில்லை. “படம் நல்லா இருக்குன்னு எல்லாரும் சொல்றாங்க சார். எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருந்தீங்கன்னா, முகம் தெரியாம எடுத்துக்கங்கன்னு சொல்லியிருப்பேன்” என்றார்.

அன்று மாலையே பலகையிலிருந்து படத்தை எடுத்துவிட்டேன். படச்சுருளில் அந்தத் துண்டை மட்டும் வெட்டி ஓர் உறையிலிட்டு அவரிடமே கொடுத்தேன். பையன் மறுவாரம் பள்ளிக்கு வந்தான். கடைசி வரிசையில் போய் உட்கார்ந்தான். ஊரில் விற்றுப்போன இதழ்களைத் திரும்ப வாங்க எனக்கு வழி தெரியவில்லை.