பழைய பிக்கப் வண்டி வாங்குமுன்

(பினாங்கு, ஜோர்ஜ்டவுனில் ஆற்றிய உரை)



பால்மரம் வெட்டிச் சேர்த்த பணத்தில் பழைய ஹைலக்ஸ், டி-மேக்ஸ் போன்ற பிக்கப் வண்டி வாங்க விரும்புவோர் நம்மிடையே பலர். பளபளக்கும் வண்ணத்தைக் கண்டு முற்பணம் கொடுத்துவிடலாகாது. தானியங்கிக் கியர்ப் பெட்டி பழுதாயின் சேமிப்பு முழுவதும் பட்டறைக்கே போய்விடக்கூடும்.

முதலாவது, கியர் எண்ணெயைப் பார்க்க வேண்டும். கியரை இயக்குவதும் குளிர்விப்பதும் அவ்வெண்ணெயே. புதிய எண்ணெய் பெரும்பாலும் சிவப்பாயிருக்கும். கறுத்துத் தீய்ந்த வாடை வீசினால், உள்ளிருக்கும் கிளட்ச் தகடுகள் கருகியிருக்கலாம். பால் கலந்தாற்போல் தோன்றினால், ரேடியேட்டர் நீர் உட்புகுந்திருக்கலாம். அளவுகோல் இல்லாத வண்டியைப் பட்டறையில்தான் சோதிக்க இயலும்.

இரண்டாவது, இயந்திரம் குளிர்ந்திருக்கும்போதே நாம் முடுக்க வேண்டும். முன்னரே சூடேற்றிய வண்டி சில குறைகளை மறைத்துவிடும். பிரேக்கை மிதித்தபடி ‘டி’, ‘ஆர்’ நிலைகளுக்கு மாற்றினால், ஓரிரு நொடியில் கியர் பிடிக்க வேண்டும்.

மூன்றாவது, மேட்டில் ஏற்றிப் பார்க்க வேண்டும். ஜோர்ஜ்டவுனின் சமமான தெருக்களில் தெரியாத குறை, பாயா தெருபோங்கிலிருந்து பாலிக் புலாவுக்கு ஏறும் துன் சார்டோன் சாலையில் வெளிப்படும். இயந்திரம் இரைந்தும் வேகம் கூடாவிடில், கியர் வழுக்குகிறது என்று பொருள்.

எண்ணெய்க் குறைவாலும் மின்னிணைப்புக் கோளாறாலும் இதே அறிகுறிகள் தோன்றலாம்; அவை சிறு செலவில் தீரக்கூடும். ஆகவே, அனுபவமுள்ள மெக்கானிக் ஒருவரை உடன் அழைத்துச் செல்வோம். பெயர்மாற்றப் பரிசோதனையில் கியர்ப் பெட்டியைப் பிரித்துப் பார்ப்பதில்லை என்பதையும் நினைவிற் கொள்வோம்.

உழைத்துச் சேர்த்த பணத்தை விழிப்புடன் செலவிடுவோம்.