ஒரு கை உப்பு போதுமா?

திருச்செந்தூர் பக்கம் மாடு வளர்க்கிறவங்ககிட்ட "தாது உப்பு கொடுக்கிறீங்களா?"ன்னு நான் கேட்டா, "தினமும் கழனித் தண்ணியில ஒரு கை உப்பு போடுறோமே சார்"னு பதில் வருது. தூத்துக்குடி உப்பளம் பக்கத்துலயே இருக்கு, உப்புக்கா பஞ்சம்? ஆனா அந்த உப்புல இருக்கிறது சோடியமும் குளோரைடும்தான். செம்பு, துத்தநாகம், மாங்கனீசு, செலினியம் இதெல்லாம் அதுல தேவையான அளவுக்குக் கிடையாது.

பசு கன்று ஈனுற சமயத்துல அதன் உடம்பு பல மடங்கு வேலை செய்யுது. அப்போ செல்களை அரிக்கிற ஆக்சிஜன் கழிவுகளும் கூடுது. அதைத் துப்புரவு பண்றது சில நொதிகள். அந்த நொதிகளுக்குள்ளேயே இந்தத் தாதுக்கள் இருக்கு. குளுட்டாதயோன் பெராக்சிடேஸ்ங்கிற நொதியில செலினியம் இருக்குன்னு 1973-லதான் தெரிய வந்தது. அதுக்குத் துணை வைட்டமின் ஈ. ரெண்டும் குறைஞ்சா நஞ்சுக்கொடி விழாம தங்கும், மடிநோய் வரும். 1984-ல அமெரிக்காவின் ஒஹாயோவுல வந்த ஆய்வுல, ரெண்டையும் சேர்த்துக் கொடுத்த பசுக்களுக்கு மடிநோய் நீடிச்ச காலம் பாதிக்கும் மேல குறைஞ்சது.

வைட்டமின் ஈ பசும்புல்லுல தாராளம், காய்ஞ்ச வைக்கோல்ல ரொம்பக் கம்மி. ஏரல், ஆத்தூர் பக்கம் தாமிரபரணிப் பாசனம் இருக்கு, வரப்புப் புல்லாவது கிடைக்கும். தேரிக்காட்டு ஓரத்துல வைகாசி, ஆனி மாசத்துல வைக்கோலை விட்டா என்ன இருக்கு? நாலு அகத்திக் கொப்பாவது ஒடிச்சுப் போடுங்க.

எனக்கு வருத்தமான விஷயம் ஒண்ணு. பால் வத்துன சினை மாட்டுக்குத் தாது உப்பை நிறுத்திடுறாங்க. "கறக்காத மாட்டுக்கு எதுக்குங்க செலவு?" ஈனுறதுக்கு முந்தின ரெண்டு மாசம்தான் அதுக்கு ரொம்ப அவசியம்! வயித்துல இருக்கிற கன்றும் அந்தத் தாயோட கையிருப்புலதான் எடுத்துக்குது.

பெரிய மாட்டுக்குத் தினம் 30 முதல் 50 கிராம் தாது உப்புக் கலவை, தவிட்டுல பிசைஞ்சு வைங்க. செலினியம்னு தனியா மருந்து வாங்கி நீங்களா கொடுக்காதீங்க. தீவனத்தின் உலர் எடையில கிலோவுக்கு 0.3 மில்லிகிராம்தான் தேவை. 10 கிலோ தின்கிற மாட்டுக்கு 3 மில்லிகிராம், அதாவது ஏறக்குறைய ஒரு கடுகு எடை. மிஞ்சினா விஷம்.

இன்னொண்ணு, மாட்டுக் கலவையைச் செம்மறி ஆட்டுக்கு வைக்காதீங்க. அதுங்களுக்குச் செம்பு கொஞ்சம் கூடினாலும் ஆகாது, ஈரல் கெட்டுச் செத்துப்போகும். வாங்கும்போது ஒவ்வொரு தாதுவும் எவ்வளவுன்னு பையில அச்சடிச்சிருக்கான்னு பாருங்க. இல்லைன்னா அந்தப் பையைக் கடையிலயே வச்சிட்டு வந்திடுங்க.