விளக்கை அணைப்பது பழுது நீக்கல் ஆகாது

(ஓசூரில் நடந்த வாகனப் பழுதுநீக்கும் பயிற்சியின் நிறைவு நாளில் நம் அறக்கட்டளைச் செயலாளர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

நான் மெக்கானிக் அல்ல, கணக்கு எழுதுகிறவன். நம் ஆம்புலன்ஸ் வேனுக்கு எழுதிய ஒரு செலவுக் கணக்குதான் எனக்கு இந்த விஷயத்தைக் கற்றுக்கொடுத்தது.

வேனில் எஞ்சின் விளக்கு எரிந்தது. ஒரு ஒர்க்‌ஷாப்பில் ஸ்கேனரை மாட்டினார்கள். பி0171 என்று குறியீடு வந்தது. ஆக்சிஜன் சென்சாரை மாற்றி, குறியீட்டை அழித்து, 6,000 ரூபாய் பில் கொடுத்தார்கள். மூன்றாம் நாள் விளக்கு மறுபடி எரிந்தது. பெட்ரோல் பம்பை மாற்ற வேண்டும் என்றார்கள். ஜமாஅத்தார் கொடுத்த பணம், அமானிதம். யோசித்துச் சொல்கிறோம் என்று வந்துவிட்டோம். அதற்குள் டயாலிசிஸுக்குப் பெங்களூர் போய்க்கொண்டிருந்த ஒரு அம்மாவோடு, அத்திப்பள்ளி டோல் நெரிசலில் வண்டி அணைந்துபோனது. வேறு வண்டி பிடித்து அனுப்பினோம். அல்ஹம்துலில்லாஹ், நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தார்.

பிறகு அனுபவசாலியான ஒரு பாய் வந்து பார்த்தார். அவரும் அதே ஸ்கேனரைத்தான் மாட்டினார். ஆனால் குறியீட்டோடு நிற்காமல், எஞ்சின் ஓடும்போது மாறும் எண்களைப் பார்த்தார். ஐடிலில் கம்ப்யூட்டர் 25 சதவீதம் வரை பெட்ரோலைக் கூட்டிக்கொண்டிருந்தது. 2,500 ஆர்பிஎம்முக்கு ஏற்றியதும் அது இறங்கிவிட்டது. “எங்கேயோ காற்றை இழுக்குது” என்றார். இன்டேக் மானிஃபோல்டுக்குப் போகும் வேக்கம் குழாய் வெடித்திருந்தது. புதுக் குழாய் 150 ரூபாய்.

பி0171 சொல்வது இவ்வளவுதான்: கலவையில் காற்று அதிகம், பெட்ரோல் குறைவு. அதைக் கண்டு சொன்னதே அந்த ஆக்சிஜன் சென்சார். உண்மை சொன்ன சாட்சியைக் கழற்றி எறிந்துவிட்டு, அதற்கு 6,000 ரூபாயும் கொடுத்திருக்கிறோம்! ஆர்பிஎம் ஏற ஏற அந்த எண்ணும் கூடியிருந்தால் ஃபில்டரையும் பம்பையும் சந்தேகப்படுவது நியாயம்.

பி0301 வந்தால் முதல் சிலிண்டரில் மிஸ்ஃபயர். உடனே காயில் வாங்க ஓடாதீர்கள். முதல் சிலிண்டர் காயிலை இரண்டாவதில் மாற்றிப் போட்டு ஓட்டுங்கள். குறியீடு பி0302 ஆக மாறினால் காயில்தான் குற்றவாளி. மாறாவிட்டால் பிளக், இன்ஜெக்டர், கம்ப்ரஷன் என்று தேட வேண்டும். காசு செலவில்லாத சோதனை இது. டிரைவர் தம்பிகளும் ஒன்றைக் கேட்டுக்கொள்ளுங்கள்: எஞ்சின் விளக்கு விட்டு விட்டு மின்னினால் கடுமையான மிஸ்ஃபயர் என்று பொருள். அப்படியே ஓட்டினால் எரியாத பெட்ரோல் போய் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரையே எரித்துவிடும். ஓரங்கட்டி நிறுத்துங்கள்.

1980-இல் நம் ஓசூரிலிருந்து டிவிஎஸ் 50 வெளிவந்த காலத்தில், பிளக்கைக் கழற்றிக் கரியைப் பார்த்தே நோயைச் சொல்லிவிடுவார்கள். 2020 ஏப்ரல் 1-இல் பிஎஸ்-6 வந்தபின் பைக்குக்கும் ஸ்கேனர் தேவைப்படுகிறது. அதற்காகப் பழைய கண்ணை மூடிவிட வேண்டியதில்லை. காதையும்தான், வெடித்த குழாய் உஸ் என்று சத்தம் போடும்.

குறியீட்டை அழிக்கும்முன் எழுதி வையுங்கள். பழுது பதிவான நேரத்தில் வேகம் என்ன, சூடு என்ன என்று ஃப்ரீஸ் ஃப்ரேமில் இருக்கும். அழித்தால் அதுவும் போய்விடும்.

விளக்கை மட்டும் அணைத்துப் பழைய காரை விற்கிறவர்களும் உண்டு. அப்படி அழித்த வண்டியில் ரெடினஸ் சோதனைகள் “முடியவில்லை” என்று காட்டும். பேட்டரியைக் கழற்றினாலும் அப்படிக் காட்டக்கூடும்; ஆகவே உடனே பழி சொல்ல வேண்டாம். சில நாள் ஓட்டிவிட்டு மறுபடி பார்த்து வாங்குங்கள். விற்பவர் கேட்டால் குறையை மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

நம் அலுவலகத்தில் ஒரு ஸ்கேனர் வாங்கி வைத்திருக்கிறோம். சொந்தமாக வாங்க முடியாத தம்பிகள் நோட்டில் கையெழுத்துப் போட்டு எடுத்துப் போகலாம், வாடகை கிடையாது. வண்டி எண், வந்த குறியீடு, கடைசியில் கண்டுபிடித்த பழுது, இந்த மூன்றையும் அதே நோட்டில் எழுதிவிட்டு மஃக்ரிபுக்குள் திருப்பித் தர வேண்டும். அடுத்து எடுப்பவருக்கு அந்த நோட்டும் உதவும்.