அந்தக் கேள்விக்கு விடை ஹேஸ்டிங்ஸ் அல்ல

முப்பத்திரண்டு ஆண்டுகளுக்கு முன் இதே பட்டமளிப்பு மண்டபத்தில், மூன்றாவது வரிசையில், வாடகை அங்கியோடு உட்கார்ந்திருந்தவன் நான். நேரே விஷயத்துக்கு வந்துவிடுகிறேன்.

மெல்பர்னில் தண்ணீர் ஆராய்ச்சி என் தொழில். அங்கே போனபின் நான் மிகவும் மதிக்கத் தொடங்கிய மனிதர் ஓர் அரசியல்வாதி. பெயர் பாரி ஜோன்ஸ். 1983 முதல் 1990 வரை ஆஸ்திரேலியாவின் அறிவியல் அமைச்சர். அதற்கு முன் டான்டினாங் உயர்நிலைப் பள்ளி ஆசிரியர். நாடு முழுக்க அவரை அறிந்தது தொலைக்காட்சியில்தான். 1960 முதல் 1968 வரை 'பிக் எ பாக்ஸ்' என்ற வினாடி வினாவில் அவர் ஜெயித்துக்கொண்டே இருந்தார்.

ஒருநாள் கேள்வி இது: இந்தியாவின் முதல் பிரிட்டிஷ் கவர்னர் ஜெனரல் யார்? நடத்துநர் பாப் டயர் கையிலிருந்த விடை வாரன் ஹேஸ்டிங்ஸ். நானும் பள்ளியில் அப்படித்தான் எழுதி மதிப்பெண் வாங்கினேன். ஜோன்ஸ் ஒப்புக்கொள்ளவில்லை. ஹேஸ்டிங்ஸ் வங்காளத்துக்குத்தான் கவர்னர் ஜெனரல் என்று, கேமரா முன்னாலேயே, மரியாதை குறையாமல் வாதாடினார். அவர் சொன்னது சரி. 1833-ஆம் ஆண்டுச் சாசனச் சட்டத்துக்குப் பிறகுதான் அந்தப் பதவியின் பெயரில் 'இந்தியா' ஏறியது. அப்போது பதவியில் இருந்தவர் வில்லியம் பெண்டிங் பிரபு.

பெண்டிங்கை நம் ஊருக்கு நான் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. 1806 ஜூலை 10, பொழுது விடியுமுன் நம் வேலூர்க் கோட்டைக்குள் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்தபோது சென்னை மாகாண ஆளுநர் அவர்தான். புதுத் தலைப்பாகை கட்டு, நெற்றியில் குறி கூடாது, காதில் கடுக்கன் கூடாது என்று உத்தரவு வந்திருந்தது. இது வேண்டாம் என்று சிப்பாய்கள் மே மாதமே சொல்லிப் பார்த்தார்கள். சொன்னவர்களுக்குக் கசையடி கிடைத்தது. மறு ஆண்டே லண்டன் பெண்டிங்கைத் திருப்பி அழைத்துக்கொண்டது. கோட்டை அகழியைத் தாண்டிப் போகும்போதெல்லாம் அந்த மே மாதத்தைத்தான் நினைப்பேன். ஜூலைக்கு முன்னால் முழுசாக இரண்டு மாதம் இருந்தது.

கேட்காத அதிகாரம் ஒரு பக்கம். தெரிந்தும் சொல்லாதவன் இன்னொரு பக்கம். அந்த இரண்டாவது ஆளாக நான் இருந்திருக்கிறேன். வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் ஆண்டு, ஒரு கூட்டத்தில் திரையில் அட்டவணை ஓடியது. மெகாலிட்டர் என்று இருக்க வேண்டிய இடத்தில் கிகாலிட்டர் என்று இருந்தது. ஆயிரம் மடங்கு பிழை. பார்த்தவுடன் தெரிந்தது. பெரியவர்கள் சொல்லட்டும் என்று பேனாவை மூடிவிட்டேன். அந்த எண் மூன்று அறிக்கைகளுக்குள் புகுந்தது. பிடுங்கி எடுக்க எட்டு மாதம் ஆனது. இன்றும் அந்தத் திரை என் கண்ணில் நிற்கிறது.

அந்த நாட்களில்தான் பழைய புத்தகக் கடை ஒன்றில் ஜோன்ஸ் எழுதிய 'ஸ்லீப்பர்ஸ், வேக்!' கிடைத்தது. 1982-இல் வந்த நூல். தூங்குகிறவர்களை எழுப்பும் தலைப்பு. கணினி வந்தால் எந்த வேலை போகும், எந்த வேலை வரும் என்று அவர் அப்போதே கணக்குப் போட்டிருந்தார். இன்று செயற்கை நுண்ணறிவு பற்றி நீங்கள் கேட்கும் கேள்விகளில் பாதி அதில் இருக்கின்றன.

அமைச்சரானபின் அவருக்கு எல்லாம் கைகூடவில்லை. முக்கிய முடிவுகள் எடுக்கும் உள்வட்டத்தில் அவருக்கு இடமில்லை. ஒரு கட்டத்தில் அறிவியலோடு சுங்கத்தையும் சிறுதொழிலையும் சேர்த்துச் சுமந்தார். 1984-இல் ஆராய்ச்சிப் பணம் வெட்டுப்பட்டபோது அவர் விஞ்ஞானிகளையே கடிந்துகொண்டார். விவசாயி குரல் கொடுக்கிறான், சுரங்க முதலாளி குரல் கொடுக்கிறான், நீங்கள் ஏன் வாய்மூடி இருக்கிறீர்கள் என்ற பொருளில் அவர்களைக் கோழைகள் என்றே சொன்னார். சுருக்கென்று தைத்திருக்க வேண்டும். மறு ஆண்டே அறிவியல் சங்கங்கள் ஒரு கூட்டமைப்பாகத் திரண்டன. ஓர் அமைச்சர் திட்டியதால் விளைந்த நன்மை என்று இதைச் சொல்வேன்.

அந்தக் குரல் போதவில்லை என்பதும் உண்மை. 2008-09-இல் ஆஸ்திரேலியா மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 2.25 சதவீதத்தை ஆராய்ச்சிக்குச் செலவிட்டது. 2021-22-இல் அது 1.68. நம் நாட்டில் 2020-21-இல் 0.64. பணம் இல்லாததால் மட்டும் வந்த எண்கள் இவை என்று நான் நம்பவில்லை. கேட்க வேண்டியவர்கள் ஆய்வகத்துக் கதவைச் சாத்திக்கொண்டதும் காரணம்.

அறிவியலுக்குத் தொடர்பில்லாததுபோலத் தெரியும் ஒன்றையும் சொல்கிறேன். ஆஸ்திரேலியாவில் கடைசியாகத் தூக்கிலிடப்பட்டவர் ரொனால்ட் ரயன். 1967 பிப்ரவரி 3, மெல்பர்ன் பென்ட்ரிட்ஜ் சிறை. அதைத் தடுக்கப் போராடிய குழுவின் செயலாளர் ஜோன்ஸ். தூக்குத் தண்டனை குற்றத்தைக் குறைக்கிறதா, ஆதாரம் எங்கே என்று கேட்டவர். ரயனைக் காப்பாற்ற முடியவில்லை. ஆனால் 1975-இல் விக்டோரியா மாநிலம் தூக்கையே ஒழித்தது. ஆதாரம் கேட்கும் பழக்கம் ஆய்வகத்தோடு நின்றுவிடக் கூடாது என்று நான் சொல்வது இதனால்தான்.

வேதியியல் படித்த பிள்ளைகள் இங்கே நிறையப் பேர் இருக்கிறீர்கள். நம் பாலாற்றில் தோல் பதனிடும் ஆலைக் கழிவு கலந்ததை எதிர்த்து வேலூர்க் குடிமக்கள் நல அமைப்பு ஒன்று உச்ச நீதிமன்றம் வரை போனது. 1996-இல் வந்த தீர்ப்பை இன்று நாடெங்கும் சட்ட மாணவர்கள் படிக்கிறார்கள். குரோமியம் என்றால் என்னவென்று அந்தத் தீர்ப்பைப் படிப்பவரைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். ஆகஸ்ட் 15 அன்று உங்கள் ஊரில் கிராமசபை கூடும். போய் முன்வரிசையில் உட்காருங்கள். ஊர்க் கிணற்றுத் தண்ணீரைக் கடைசியாகச் சோதித்தது எப்போது, அதில் குரோமியம் எவ்வளவு என்று எழுந்து கேளுங்கள். காட்டும் காகிதத்தில் அலகு சரியாக இருக்கிறதா என்றும் பாருங்கள்.